பேர் சென்னை, ஊர் கோயமுத்தூர்

"சென்னை டீம்னா சென்னையில போயி ஆடட்டுமுங்க. இங்க எதுக்கு வர்றாங்க?"

2017 டிசம்பரில், எங்கள் பட்டறைக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே நான் சொன்னது இது. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்: கோவையில் பேக்கரி என்றால் டீக்கடை. ரொட்டியும் கிடைக்கும், ஆனால் யாரும் அதற்காகப் போவதில்லை. பேக்கரிக்காரரிடம் அன்று நாலு பாஸ் இருந்தது. நேரு ஸ்டேடியத்தில் ஃபுட்பால் மேட்ச், தேசிய அளவில் நடக்கும் ஐ-லீக், சென்னை சிட்டி என்ற அணி இந்த வருஷத்திலிருந்து இங்கேதான் ஆடப்போகிறது என்றார். அவருக்கும் ஆட்டத்தில் ஆர்வமில்லை. பாஸை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் வேலை. விளையாட்டு என்றால் எனக்குக் கிரிக்கெட்தான். ஃபுட்பால் நாலு வருஷத்துக்கு ஒரு முறை வரும் விருந்தாளி. உலகக் கோப்பை வந்தால் ராத்திரி கண் விழித்து நாலைந்து மேட்ச் பார்ப்பேன், பிரேசிலுக்கோ அர்ஜென்டினாவுக்கோ கத்துவேன், முடிந்ததும் மறந்துவிடுவேன். என்னைப் போன்றவர்களைத்தான் மேம்போக்கான ரசிகன் என்பார்கள். மறுப்பதற்கில்லை.

அப்போது எங்கள் ஊரின் நிலைமையே வேடிக்கையாக இருந்தது. டிஎன்பிஎல் கிரிக்கெட்டில் கோவை கிங்ஸ் என்று ஒரு அணி. பேரில் கோவை இருக்கிறது, ஆனால் அந்த வருஷங்களில் ஆட்டமெல்லாம் சென்னை, திருநெல்வேலி, திண்டுக்கல் பக்கம் நத்தம். கோவையில் ஒன்றுகூட இல்லை. இந்தப் பக்கம் சென்னை என்று பேர் வைத்த ஃபுட்பால் அணி கோவையில் வந்து இறங்குகிறது. பேரும் ஊரும் கல்யாண மண்டபத்தில் செருப்பு மாறிப்போன மாதிரி மாறிக் கிடந்தன.

அந்த அணியின் கதையைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 1946ல் தொடங்கிய நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்தான் அதன் வேர். 2016-17ல் ஐ-லீக்குக்குள் வந்தது. முதல் வருஷம் சென்னை ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் ஆடி, பத்து அணிகளில் எட்டாவது. அடுத்த வருஷம் கோவை ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். ஊர் மாறியது, ஸ்டேடியத்தின் பேர் மாறவில்லை. அந்த வருஷமும் எட்டாவது இடம்தான்.

என்னை முதன்முதலில் இழுத்துக்கொண்டு போனவன் என் அக்கா பையன். அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான், சனிக்கிழமைகளில் பட்டறைக்கு வந்து என் கூட நிற்பான். 2018 ஆரம்பத்தில் ஒரு நாள், "மாமா, சும்மா வாங்க மாமா, பிடிக்கலைனா பாதியில எந்திரிச்சு வந்துரலாம்" என்றான். ஜிஎஸ்டி வந்து ஆர்டர் இளைத்திருந்த காலம். நாலு மணிக்கே மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். சரி, போகலாம் என்று போனேன்.

கேலரியில் ஆள் குறைவு. சிமென்ட் படிக்கட்டில் வெயில் சூடு இன்னும் ஆறவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓட்டப் பந்தயத்துக்கான டிராக் இருப்பதால் ஆட்டம் நடப்பது எங்கேயோ தூரத்தில். டிவியில் பார்த்துப் பழகியவனுக்கு யார் கையில் ஆட்டம் இருக்கிறது என்பதே பிடிபடவில்லை. ரீப்ளே கிடையாது, ஸ்கோர் சொல்ல ஆள் கிடையாது. ஆனால் கூட்டம் குறைவாக இருந்ததில் ஒரு லாபம், மைதானத்தில் ஆட்டக்காரர்கள் கத்துவது கேலரி வரைக்கும் கேட்டது. "பின்னாடி ஆளு, பின்னாடி ஆளு!" "விட்றா, விட்றா!" "எடு, எடு, அடி!"

எல்லாம் தமிழ். தேசிய லீக்கில் ஆடும் ஒரு அணி மைதானத்துக்குள் தமிழில் கத்திக்கொண்டு ஆடும் என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கிரிக்கெட்டில் ஸ்டம்ப் மைக்கில் எப்போதாவது ஒரு வரி காதில் விழுந்தால் அதைப் பத்து நாள் பகிர்ந்துகொண்டிருப்போம். இங்கே தொண்ணூறு நிமிஷமும் அதுதான்.

அந்த வருஷ அணியில் மைக்கேல் சூசைராஜ் இருந்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரயுமன்துறை என்ற கடற்கரைக் கிராமத்துக்காரர். பந்து அவர் காலுக்கு வந்தால் எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். ஆட்டம் தெரியாத எனக்கே இவர் வேறு என்று தெரிந்தது. சீசன் முடிந்ததும் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். அது இருக்கட்டும்.

அதே 2018 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் இவர்கள் 7-1 என்று தோற்றார்கள். பையன் ஃபோனில் காட்டினான். ஜெர்மனியிடம் பிரேசில் வாங்கிய அதே 7-1. "பரவால்ல, பிரேசில் அளவுக்கு வந்துட்டாங்க" என்று நான் கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் பையனுக்கு இது விளையாட்டு இல்லை என்று புரிந்தது.

2018 அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை. புது சீசனின் முதல் ஆட்டம், நேரு ஸ்டேடியத்தில், இந்தியன் ஆரோஸ் அணியோடு. அது இந்திய ஃபுட்பால் சம்மேளனம் அப்போது வளர்த்த இளைஞர் அணி, எல்லாம் மீசை அரும்பும் வயசு. சென்னை சிட்டிக்குப் புதுப் பயிற்சியாளர், சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். கூடவே ஸ்பெயினிலிருந்து சில ஆட்டக்காரர்கள். யாரும் டிவியில் பார்த்த பேரில்லை, அங்கே கீழ்மட்ட லீக்குகளில் ஆடியவர்கள். பையன் பட்டியலை ஒப்பித்துக்கொண்டு வந்தான். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ, எஸ்லாவா, கோல் கீப்பர் சாந்தனா. அந்த வாரம்தான் சாண்ட்ரோ கார் புதிதாக மறுபடி சந்தைக்கு வந்திருந்தது. அதனால் அந்தப் பேர் மட்டும் எனக்கு உடனே மனசில் நின்றது.

அன்றைக்கு முதல் கோலை வாங்கியது நாம். கவனியுங்கள், 'நாம்' என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. சரி, சென்னை சிட்டி கோல் வாங்கியது. பக்கத்தில் இருந்தவர் "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்றார். அப்புறம் மான்சி ஒரு கோல், இன்னொன்று, மற்றொன்று. முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக். கடைசியில் 4-1.

கோல்களை விட எனக்குப் பிடித்தது வேறு. இவர்கள் பந்தைத் தூக்கி அடிக்கவில்லை. போன வருஷம் பந்து பாதி நேரம் ஆகாயத்தில் இருந்தது. இந்த வருஷம் அது புல்லை விட்டு எழும்பவே இல்லை. கீப்பரிடமிருந்து பின்வரிசைக்கு, அங்கிருந்து நடுவுக்கு, மறுபடி பின்னால், பக்கவாட்டில், திடீரென்று முன்னால். லேத்தில் நல்ல டர்னர் வேலை செய்வதைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். அவசரப்பட்டு ஆழமாக வெட்ட மாட்டான். கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவான், அளப்பான், மறுபடி சீவுவான். கடைசி வெட்டில் சைஸ் சரியாக வந்து உட்காரும். இவர்கள் ஆடியது அப்படி இருந்தது. நான் எந்த ஆட்டத்தையும் கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பவன் இல்லை. அன்றைக்கு எழுந்திருக்க மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பட்டறையில் இதைச் சொன்னேன். எங்களிடம் அப்போது மூன்று பேர் வேலை செய்தார்கள். மூத்த டர்னர் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுவிட்டு, "யாரு, மான்சியா? பொம்பளப் புள்ள பேராட்டம் இருக்குதே" என்றார். அடுத்த ஆட்டத்துக்கு அவரும் வந்தார். அதற்கடுத்த ஆட்டத்திலிருந்து 'மான்சி அண்ணன்' என்றார். அண்ணன் என்று சொன்ன ஆளுக்கு வயசு ஐம்பத்தி நாலு, மான்சிக்கு முப்பது.

ஒரு அணி ஊரைப் பிடிப்பது எப்படி என்று நிறையப் பேசுவார்கள். ஜெயித்தால் கூட்டம் வரும் என்பார்கள். ஜெயிப்பது வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே 2018 மார்ச்சில் 'சென்னையின் எஃப்சி' என்ற இன்னொரு சென்னை அணி, ஐஎஸ்எல் என்ற பெரிய லீக்கின் கோப்பையை இரண்டாவது முறையாக வென்றது. பங்குதாரர்களில் அபிஷேக் பச்சன், தோனி. எங்கள் பேக்கரி டிவியில்கூட அந்த இறுதி ஆட்டம் ஓடியது. நன்றாக ஆடினார்கள், ஜெயித்தார்கள், நாங்கள் டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தோம். அது அவர்களுடைய வெற்றி. சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்கு அதில் ஒட்டிக்கொள்ள எந்த இடமும் இல்லை.

சென்னை சிட்டியில் ஒட்டிக்கொள்ள நிறைய இடம் இருந்தது. முதலில் பேர்கள். அஜித்குமார், ஸ்ரீராம், பாண்டியன், விஜய், எட்வின், சார்லஸ். எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் இருக்கும் பேர்கள். அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று ஒருவர். 1994 உலகக் கோப்பையை வென்ற பிரேசிலின் ரொமாரியோவை நினைத்து யாரோ ஆசையாக வைத்த பேராக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தப் பேரை முதன்முறை கேட்டபோதே அவருடைய வீட்டுத் திண்ணையும் சுவரில் ஒட்டிய போஸ்டரும் என் கண்ணுக்குத் தெரிந்தன.

அடுத்தது, இவர்கள் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கோவை மண்ணின் மானம், கொங்குச் சிங்கங்கள் என்றெல்லாம் வசனம் பேசி வந்திருந்தால் நாங்கள் சிரித்திருப்போம். எங்கள் ஊர்க்காரர்கள் விளம்பரத்தில் லேசில் விழ மாட்டார்கள், பொருளைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். இவர்கள் வந்தார்கள், ஆடினார்கள், ஆட்டம் முடிந்ததும் டிராக் ஓரமாக நடந்து வந்து கை தட்டினார்கள். ஒரு முறை கேலரியிலிருந்து ஒரு பெரியவர் விடாமல் உபதேசம் செய்துகொண்டிருந்தார். "தம்பி, அந்தப் பக்கம் ஓடு சாமி, அங்கதான் எடம் கெடக்குது!" எங்கள் பக்க ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த பையன் த்ரோ எடுக்க வந்தபோது அண்ணாந்து பார்த்து, "ஓடிட்டுத்தானுங்க இருக்கேன்" என்கிற மாதிரி கையை விரித்தான். கேலரி முழுக்கச் சிரிப்பு. பெரியவர் அதற்கப்புறம் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை என்று நினைக்கிறேன். எப்போது போனாலும் அதே படியில் அதே உபதேசம்.

கூட்டமும் மாறியது. முதல் வருஷம் வந்தவர்கள் பெரும்பாலும் ஆட்டம் தெரிந்தவர்கள். உக்கடம், கரும்புக்கடை பக்கத்துப் பையன்கள், மலையாள மாணவர்கள், எங்கெங்கோ லீக் ஆடி ரிட்டயர் ஆன பழைய ஆட்டக்காரர்கள். இவர்கள் ஆஃப்சைடுக்குச் சரியான நேரத்தில் கை தூக்குவார்கள். இரண்டாவது வருஷம் எங்களைப் போன்ற ஆஃப்சைடு தெரியாத கூட்டம் வந்து சேர்ந்தது. கோல் போஸ்டுக்கு வெளியே வலையில் பந்து பட்டாலும் எழுந்து குதிப்போம். முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்துப் பொறுமையாகச் சிரிப்பார்கள். குடும்பங்கள் வந்தன. குழந்தைகள் படிக்கட்டில் ஏறி இறங்கின. ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் தள்ளுவண்டியில் காளான், மசாலா பொரி. காளான் என்றால் மற்ற ஊர்க்காரர்கள் நினைக்கும் காளான் இல்லை. முட்டைக்கோஸையும் காளானையும் பொரித்து மசாலாவில் பிசைந்து தட்டில் போட்டுத் தரும் எங்கள் ஊர்ப் பலகாரம். தோற்ற நாளில்கூட அந்தத் தட்டோடு நின்று பேசுவதற்கென்றே போகலாம்.

பாதி சீசனில் ஒரு திருப்பம். ஐ-லீக்கின் பல ஆட்டங்களை இனி ஒளிபரப்பப் போவதில்லை என்று அறிவிப்பு வந்தது. பெரிய கிளப்புகளெல்லாம் கோபப்பட்டன, நியாயமான கோபம். கோவையில் என்னவோ அதற்கு நேர்மாறான விளைவு. டிவியில் வராது, பார்க்க வேண்டுமென்றால் ஸ்டேடியத்துக்குத்தான் வர வேண்டும். நாடு முழுக்க யாரும் பார்க்காத ஒன்றை நாங்கள் மட்டும் பார்க்கிறோம் என்பதில் ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது. உண்மையைச் சொன்னால், அணிக்கு நல்லதில்லாத ஒன்று எனக்குப் பிடித்திருந்தது.

வெளியூர் ஆட்டங்களுக்குப் பையன்தான் செய்தி நிறுவனம். நவம்பரில் கொல்கத்தாவுக்கே போய் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று அடித்துவிட்டு வந்தார்கள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஏழு கோல் வாங்கிய அதே எதிராளி. பையன் இரவில் ஃபோன் செய்து, "மாமா, பிரேசில் ஞாபகம் இருக்கா?" என்றான். அவ்வளவு நாளாக அதை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பிப்ரவரியில் இன்னொரு செய்தி. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாஸல் கிளப் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்குகிறது. இதைக் கேட்டு எங்கள் பட்டறையில் ஏற்பட்ட மரியாதையை ஃபுட்பால்காரர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். லேத் தொழிலில் இருப்பவனுக்குச் சுவிஸ் மெஷின் என்றால் அது கோவில். பார்க்க ஆசைப்படுவான், வாங்கும் வசதி வராது. "சுவிஸ்காரன் சும்மா காசு போட மாட்டானுங்க, டாலரன்ஸ் பார்த்துத்தான் போடுவான்" என்றார் மூத்த டர்னர். பாஸல் கிளப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும்தான்.

அப்புறம் முட்டியது. கோப்பை கைக்கு எட்டும் நேரத்தில், கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில், சர்ச்சில் பிரதர்ஸ் அணியிடம் 2-3 என்று தோற்றார்கள். சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவும் மான்சியும் அந்த சீசன் முழுக்க கோல் கணக்கில் போட்டி போட்டவர்கள், கடைசியில் இருவருக்கும் ஆளுக்கு 21. கணக்கு இப்படி நின்றது: சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. இன்னும் ஒரே ஒரு ஆட்டம். நாம் இங்கே மினர்வா பஞ்சாப்போடு, அவர்கள் கோழிக்கோட்டில் கேரள அணியான கோகுலத்தோடு. ஒரே நாள், ஒரே நேரம். நாம் ஜெயித்தால் கோப்பை. நாம் டிரா செய்து அவர்கள் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. சனிக்கிழமை எங்களுக்குக் கூலி நாள். மதியமே கூலியைக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினேன். நாலு பேர், இரண்டு வண்டி. காந்திபுரம் சிக்னலிலிருந்தே கூட்டம் தெரிந்தது. ஸ்டேடியத்தின் வெளிவட்டக் கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்று, என்ன இது, சினிமாக்காரர் யாராவது வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்து, வாங்கிய கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் மினர்வா கோல் போட்டுவிட்டது. மூன்றாவது நிமிஷம். போன வருஷத்துச் சாம்பியன்கள் அவர்கள், இந்த முறை கீழே கிடந்தார்கள், இழக்க ஒன்றுமில்லை. எங்கள் படிக்கட்டில் அப்படி ஒரு மௌனம். உபதேசப் பெரியவர்கூட வாயைத் திறக்கவில்லை. முதல் பாதி முழுக்க அதே 0-1. பந்து போய்க்கொண்டேதான் இருந்தது, ஆனால் சீவல் சரியாக விழவில்லை. எல்லோர் கையிலும் ஃபோன். மைதானத்தைப் பார்ப்பது பாதி, கோழிக்கோட்டைப் பார்ப்பது பாதி. அங்கே இன்னும் கோல் இல்லை. இடைவேளையில் யாரும் டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

56வது நிமிஷத்தில் பெனால்டி. மான்சி. எங்கள் டர்னர் கண்ணை மூடிக்கொண்டு, "போட்டாச்சா, போட்டாச்சா" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் சத்தம் பதில் சொல்லிவிட்டது. 1-1. போதாது, இன்னும் ஒன்று வேண்டும். 69வது நிமிஷத்தில் கௌரவ் போரா, அசாமைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர், வந்து அடித்தார். கோல் போடுவது அவர் வேலையே இல்லை. 2-1. ஏறத்தாழ அதே சமயம் கோழிக்கோட்டில் கோகுலம் கோல் போட்டதாக ஃபோன்கள் சொல்ல, ஒரே கூட்டம் இரண்டு முறை எழுந்து கத்தியது. எனக்குப் பின்னால் இருந்த ஒரு மலையாளப் பையன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். அவனுக்குச் சந்தோஷம் கோகுலத்துக்காகவா எங்களுக்காகவா என்று கேட்கும் நிலையில் இருவருமே இல்லை.

ஆனால் அது நிலைக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ஒன்றைத் திருப்பி, இன்னொன்றும் போட்டு 2-1 என்று முந்திவிட்டது. இனி நாங்கள் ஒரு கோல் வாங்கினால் எல்லாம் போச்சு. அந்தச் சில நிமிஷங்கள் எவ்வளவு நீளம் என்று சொல்லத் தெரியவில்லை. என் கடிகாரம் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. கூடுதல் நேரத்தில், மூன்றாவது நிமிஷத்தில், மறுபடி அதே கௌரவ் போரா. 3-1.

அக்கா பையன் அழுதான். இருபது வயசுப் பையன், தாத்தா சாவுக்குக்கூட ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவன், என் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். நான் என்ன செய்தேன் என்று சரியாக ஞாபகமில்லை. கடலை முழுக்க முன்வரிசைக்காரர் தலையில் கொட்டிக் கிடந்தது என்பது மட்டும் தெரியும். அவர் அதைத் தட்டிவிடாமலே குதித்துக்கொண்டிருந்தார். 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுதான் முதல் முறை. "சென்னை! சென்னை!" என்று நேரு ஸ்டேடியமே கத்தியது. கோயமுத்தூர்க்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து சென்னைக்கு வாழ்க போட்ட நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஏப்ரலில் சூப்பர் கோப்பையில் பெங்களூரு எஃப்சியை 2-1 என்று வென்றார்கள். பெங்களூரு அந்த வருஷத்து ஐஎஸ்எல் சாம்பியன். பெரிய லீக்கின் சாம்பியனைச் சின்ன லீக்கின் சாம்பியன் அடித்தது. ஆனாலும் பெரிய லீக்குக்கு ஏறிப் போக அப்போது படிக்கட்டே கிடையாது. ஐ-லீக்கை வென்றால் கோப்பை உண்டு, அடுத்த படி இல்லை. அந்த வழி சில வருஷம் கழித்துத் திறந்தது. 2022-23 ஐ-லீக்கை வென்று முதலில் ஏறிப் போனது பஞ்சாப் எஃப்சி. யாரென்று தெரிகிறதா? அன்றைக்கு எங்களிடம் 3-1 என்று தோற்ற மினர்வாவின் மறு அவதாரம்தான். இதைப் படித்த அன்று எனக்குக் காலையிலிருந்து வேலை ஓடவில்லை.

கோப்பைக்குப் பிறகு அணி கரையத் தொடங்கியது. எட்வின் சென்னையின் எஃப்சிக்குப் போனார். 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானின் நீகாட்டா கிளப்புக்குப் போனார். அதே மாதம் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றார்கள். மார்ச் 11 அன்று ஆசிய அளவில் நடந்த ஏஎஃப்சி கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணியோடு 2-2. அது நம் சொந்த மைதான ஆட்டமாகத்தான் கணக்கு. நடந்தது அகமதாபாத்தில். அந்த ஒரு ஆட்டத்தை இங்கே வைத்திருந்தால் கோவை என்ன செய்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். பத்து நாளில் கொரோனா வந்து எல்லாக் கதவையும் சாத்தியது. 2020-21 சீசன் முழுக்க வங்காளத்தில் பூட்டிய மைதானங்களில் நடந்தது. 2021-22 ஐ-லீக் பட்டியல் வந்தபோது அதில் சென்னை சிட்டி இல்லை.

இங்கேதான் நான் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதே 2021 ஜூலையில் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஒப்பந்தச் சிக்கல் வந்தபோது கொல்கத்தாவில் ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், போலீசிடம் தடியடி வாங்கினார்கள். கோவையில் ஒரு தட்டி வைக்கப்பட்டதாகக்கூட எனக்கு ஞாபகமில்லை. நானும் வைக்கவில்லை. அப்போது எங்கள் பட்டறையில் மூன்று பேர் இரண்டு பேராகியிருந்தார்கள், ஆக்சிஜன் சிலிண்டர் தேடி அலைந்த கோடைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. சாக்கு சொல்லலாம். ஆனால் சாக்கு இல்லாவிட்டாலும் இறங்கியிருப்போமா என்பது சந்தேகம்தான். கொல்கத்தாக்காரனுக்கு அது அவன் தாத்தா ஆதரித்த அணி. எங்களுக்கு அது இரண்டு வருஷத்துப் பழக்கம். சிரித்துப் பேசிப் பழகிய வாடகை வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போனால் வருத்தப்படுவோம், ஆனால் லாரிக்கு முன்னால் போய்ப் படுக்க மாட்டோம். எங்களை அவ்வளவு சுலபமாகப் பிடித்த அணி, அவ்வளவு சுலபமாக எங்கள் கையை விட்டும் போய்விட்டது. பையன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் கணக்கில் நாங்கள் ஏமாற்றப்பட்டவர்கள். என் கணக்கில் பாதி பங்கு எங்களுடையது.

பையன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். மார்ச் 9 வந்தால் ஒரு மெசேஜ் வரும். எழுத்து ஒன்றும் இருக்காது, 3-1 என்று மட்டும். நான் பதிலுக்கு 7-1 என்று அனுப்புவேன், அவன் திட்டுவான்.

போன மாதம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டிவியில் ஏதோ ஃபுட்பால் ஓடிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, நீங்கெல்லாம் ஓடி ஓடிப் போவீங்களே அந்த டீமு, இப்ப ஆடறதில்லைங்களா? சென்னைக்கே போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். "அங்கயும் போகலைங்க."

"அப்ப எங்கதானுங்க போனாங்க?"

டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று போடச் சொன்னேன்.